சுற்றுப்பாதையில் ஏழு நிமிடம்

படகு என்று பெயர் வைத்துவிட்டு
ஆறுகளையெல்லாம் நிலத்தடிக்கு அனுப்பிவிட்ட ஊர் இது.
ஊச் நகரின் வடகோடியில் டிராம் தண்டவாளம்
கார் கழுவும் கொட்டகை ஒன்றைச் சுற்றிவந்து
வந்த வழியே திரும்புகிறது.
அங்கே ஓட்டுநருக்கு ஏழு நிமிடம்.

லெஷெக் முட்டைக்கோஸ் ரொட்டியைப் பிரிப்பான்.
நான் இறங்கி ஒரு சிகரெட்.
ப்ரோனியா மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மூக்குக்கு நேராகக் கைபேசியைப் பிடித்து
பழங்களை இடம் மாற்றிக்கொண்டிருப்பாள்.
மூன்று பிளம் ஒரே வரிசையில் வந்தால்
ப்ளக்.
மேலிருந்து வேறு மூன்று விழும்.
அவ்வளவுதான் ஆட்டம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, மறைப்பானேன்.
முப்பத்தோரு வருடம்
நாற்பது டன் இரும்பைப் பனியில் ஓட்டியவள்
செர்ரிப் பழத்தோடு மல்லுக்கட்டுகிறாளே என்று.
சன்னலைத் தட்டி
"இதுல என்ன இருக்கு?" என்றேன்.
நிமிரவேயில்லை.
"நெனச்ச பக்கம் திரும்பலாம்."

அந்தப் பதில் எனக்குள் இறங்க
மூன்று நிறுத்தம் ஆனது.
நாங்கள் எதையும் திருப்புவதில்லை.
தண்டவாளம் திருப்பும்.
நாங்கள் நிற்போம், கதவு திறப்போம்,
மூச்சிரைக்க ஓடிவரும் ஒருவருக்காகக்
காத்திருக்கலாமா கூடாதா என்று
அரை நொடியில் முடிவெடுப்போம்.
எப்படி எடுத்தாலும் யாராவது திட்டுவார்கள்.

பழங்கள் திட்டுவதில்லை.

அன்றிரவே நானும் இறக்கிக்கொண்டேன்.
சும்மா பார்க்கத்தான்.
அப்பாவின் வீட்டை அண்ணனோடு பிரிக்கும் வழக்கு
ஆறாவது வருடத்தில் இருந்தது.
வக்கீல் அலுவலகம் என்னைக் காத்திருக்கச் சொல்லி
பியானோ வாசித்துக் காட்டியது.
ஒரு காதில் அது. கட்டைவிரலில் பேரிக்காய்.
திரையின் மூலையில் சிறிதாக எழுதியிருந்தது:
மீதம் பன்னிரண்டு நகர்வு.
வேறு எங்கே எழுதியிருக்கிறார்கள், சொல்லுங்கள்,
இன்னும் எத்தனை நகர்வு மீதமென்று?

அதுவும் யோக்கியமான ஆட்டம் ஒன்றும் இல்லை.
இன்னும் ஒரே ஒரு பழம் என்கிற இடத்தில்
வாசலை அடைத்துவிட்டு
ஐந்து நகர்வு விலைக்கு என்று கை நீட்டும்.
இரண்டு முறை கொடுத்தேன்.
ப்ரோனியாவிடம் சொல்லவில்லை.
அவள் பத்து பைசா கொடுக்காதவள்.
மறுநாள் வரை தோற்றுக்கொண்டே இருப்பாள்,
அதுவும் நிம்மதியாக.

பிப்ரவரியில் ஒரு மாலை
அவள் வண்டி கிளம்பவில்லை.
எட்டு நிமிடம். ஒன்பது.
பின்னாலிருந்து மணியடித்துப் பார்த்தேன்.
பிறகு இறங்கி ஓடினேன், சேற்றுப் பனியில் வழுக்கியபடி,
நெஞ்சுவலியோ என்னவோ என்று.

மடியில் கைபேசி.
திரையில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு முள்ளெலி
மண்வெட்டியோடு நின்றது.
எல்லாக் கட்டங்களும் முடிந்தன,
புதியவை விரைவில் என்றது.

"ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு" என்றாள் ப்ரோனியா.
கடைசி நிறுத்தத்தில்
எல்லோரும் இறங்கவும் என்று சொல்கிற அதே குரல்.
சிகரெட்டை விடுவதற்காகத் தொடங்கினாளாம்.
நாலு வருடமாயிற்றாம்.

கையை நீட்டினாள்.
எனக்குப் புரிந்துவிட்டதென்று நினைத்துப்
பாக்கெட்டைத் துழாவினேன்.
"அத உள்ள வை. இந்த விளக்கப் பிடி."

ஆட்டத்தை மொத்தமாக அழித்தாள்.
திரும்ப இறக்கினாள்.
கட்டம் ஒன்று.
வெள்ளையாக ஒரு விரல் தோன்றி
இங்கே தொடு, இப்படி இழு என்று
ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் காட்டியது.
அவளுக்குத் தெரியாத இழுப்பா?
இருந்தும் விரல் காட்டி முடிக்கும்வரை
பொறுமையாக இருந்துவிட்டு
காட்டிய இடத்தில் தொட்டாள்.

ப்ளக்.

பன்னிரண்டு நிமிடத் தாமதம்.
கதவை மூடப்போன நேரம்
கார் கழுவும் பையன் ஒருவன்
ஈரக் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.
ப்ரோனியா திறந்தாள்.
உள்ளே இருந்தவர்கள் திட்டினார்கள்.